நான் இரண்டாக வெட்டிய ஆட்டக்காரர்

1. திங்கட்கிழமை மெயில்

“சகாயம் சார், இந்த மெயிலைக் கொஞ்சம் பாருங்க. அப்ரூவல்ல உங்க பேருதான் இருக்கு.”

மேனேஜர் பிரபாகரன் இதைச் சொன்னபோது நான் சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தில்லைநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு விளையாட்டுப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். அமெரிக்காவிலிருந்து பழைய பேஸ்பால் ஸ்கோர் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் பார்த்துத் தட்டுவார்கள். தட்டியதில் பிழை உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

மெயிலோடு ஒரு கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. எழுதியவருக்கு எண்பது வயது நெருங்கும். அவர் எழுதியிருந்தது ஏறக்குறைய இது:

எங்கள் அப்பா உங்கள் பட்டியலில் இரண்டு ஆட்களாக இருக்கிறார். எச். பெல்மர் என்று ஒருவர், எல். பெல்மர் என்று ஒருவர். இரண்டும் அவர்தான். அவர் வேலை பார்த்த நூற்பாலையில் மெஷினில் மாட்டி இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மீதி மூன்று தப்பியதே அதிர்ஷ்டம் என்று கூட ஆடியவர்கள் அவரை ‘லக்கி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த ‘எல்’ அதுதான். தயவுசெய்து அவரை ஒரே ஆளாக்குங்கள்.

(பெல்மர் என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை எழுத நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.)

கடிதத்துக்கு மேலே கிளையன்ட் இரண்டே வரி எழுதியிருந்தார்கள். குடும்பத்தார் சொல்வதை ஆதாரமாக எடுக்க முடியாது. ஷீட்டிலிருந்தே நிரூபிக்க முடிந்தால் திருத்துங்கள். வரும் சனிக்கிழமை பட்டியல் மூடப்படும், அதன் பிறகு மாற்றம் இல்லை.

இரண்டு ஆளாகப் பிரித்ததில் என்ன கெட்டுப்போயிற்று என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கலாம். ஒரு லீக்கின் வாழ்நாள் பட்டியலில் இடம்பெற ஒருவர் குறைந்தபட்சம் இத்தனை தடவை மட்டையோடு வந்து நின்றிருக்க வேண்டும் என்று வரம்பு உண்டு. பெல்மரை இரண்டாக வெட்டியதும் அந்தப் பாதியும் வரம்பைத் தொடவில்லை, இந்தப் பாதியும் தொடவில்லை. ஒரு மனிதனின் முழு ஆட்டமும் பட்டியலில் இல்லாமலே போய்விட்டது.

வெட்டியது நான்தான். எட்டு மாதத்துக்கு முன்னால்.

2. பேஸ்பாலும் நானும்

நான் படித்தது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். வேலை பார்த்தது கைலாசபுரத்துப் பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த ஒரு சின்ன யூனிட்டில், குவாலிட்டி கன்ட்ரோலில், இருபத்திரண்டு வருஷம். அந்த யூனிட்டை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. மேலப்புதூர் சர்ச்சில் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் இந்த ஆபீஸுக்கு வந்தேன். பேஸ்பால் மட்டையை இன்றுவரை கையில் பிடித்ததில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் எண்கள் எனக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டன.

உங்களுக்கும் புரியும். பந்து எறிகிறவர் பிட்சர். அடித்துவிட்டு, ‘பேஸ்’ என்கிற முளைகளில் முதல் முளைக்குப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். மூன்று பந்தைத் தவறவிட்டால் ஸ்ட்ரைக் அவுட். ஷீட்டில் அதை ‘கே’ என்று எழுதுவார்கள். பிட்சர் நான்கு பந்தைக் கண்டபடி எறிந்து, மட்டைக்காரர் அவற்றைத் தொடாமல் விட்டால், முதல் முளைக்கு இலவசமாக நடந்து போகலாம். அது வாக். அடிக்க முயன்ற தடவைகளில் எத்தனை ஹிட் என்று வகுத்தால் பேட்டிங் ஆவரேஜ். வாக் அந்தக் கணக்கில் சேராது.

பத்துத் தடவையில் மூன்று தடவை அடித்தவரை அந்த ஊரில் கொண்டாடுகிறார்கள். ஏழு தடவை தோற்கிறவனுக்கு மாலை! முதல் நாள் இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஷீட்டுகளைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு போயிற்று. அவ்வளவு கஷ்டமான காரியம் அது.

ஆலைப் பழக்கம் ஒன்று என்னோடு இங்கேயும் வந்துவிட்டது. வரைபடத்தில் ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே விழுந்தால், அந்தப் பாகம் ரிஜெக்ட். ஏன் விழுந்தது என்று அந்தப் பாகத்திடம் யாரும் கேட்பதில்லை.

3. வெட்டிய நாள்

அந்த லீக் பெரிய லீக் இல்லை. ஆலைத் தொழிலாளர்கள் வார இறுதியில் ஆடியது. எட்டே டீம். ஷீட்டுகள் பென்சிலில் எழுதியவை. பல இடத்தில் அழுக்கு, சில இடத்தில் எலி கடித்த ஓரம். அந்த பேட்ச் முழுவதையும் தட்டியது ரங்கநாயகி. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். அதிகம் பேச மாட்டாள். பிழை விகிதத்தில் ஆபீஸிலேயே குறைவு.

அவள் எச்-ஐயும் எல்-ஐயும் ஒரே ஆளாகச் சேர்த்திருந்தாள். சாஃப்ட்வேர் சிவப்பு ஃப்ளாக் போட்டது. போட்டதற்குக் காரணம் இருந்தது. எச். பெல்மர் நான்காவதாக மட்டை பிடிப்பவர், அதாவது டீமின் பெரிய அடிக்காரர். பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புகிற ஹோம் ரன் நிறைய. எல். பெல்மர் இரண்டாவதாக வருபவர். ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை, எல்லாமே சின்னச் சின்ன அடி. ஃபீல்டிங்கில் நின்ற இடமும் வேறு. நடுவில் முக்கால் சீசன் இருவருமே இல்லை.

அவளைக் கூப்பிட்டேன்.

“இது ரெண்டு ஆளும்மா. அண்ணன் தம்பியா இருக்கும். பிரிச்சிடுங்க.”

“ஒரே ஆள்தான் சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

கொஞ்சம் தயங்கினாள். “தட்டும்போது தெரியும் சார்.”

“தட்டும்போது தெரியும்ங்கிறதை நான் ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா.” ஒரு ஷீட்டைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். எல். பெல்மர் முதன்முதலில் வருகிற ஷீட் அது. ஸ்கோரர் ‘எச்’ என்று எழுதி, அடித்து, மேலே ‘எல்’ என்று போட்டிருந்தார். “பாருங்க, எழுதினவரே பேரை மாத்தி எழுதிட்டு, இது அவன் இல்லன்னு திருத்தியிருக்கார். ரெண்டு ஆளுங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?”

அவள் அந்த ஷீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி சார்” என்றாள். அன்று மாலையே பிரித்துக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

4. ஸ்ரீரங்கம்

திங்கட்கிழமை மத்தியானமே கிளம்பினேன். ரங்கநாயகி பிரசவ லீவில் இருந்தாள். குழந்தைக்கு அப்போது நான்காவது மாதம். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் இதைப் போனில் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் ராஜகோபுரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு உத்திர வீதிக்கு நடந்தேன். கதவைத் திறந்தது அவளுடைய மாமியார்.

“ஆபீஸ்லேர்ந்தா? வாங்கோ, உள்ள வாங்கோ. வெயில்ல வந்திருக்கேள், மொதல்ல ஜலம் குடியுங்கோ.”

ரங்கநாயகி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் கலவரம். வேலை போய்விட்டது என்று சொல்ல வந்திருக்கிறேனோ என்று நினைத்தாளாம், பிறகு சொன்னாள். நான் கடிதத்தின் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் வாங்கிப் படித்தாள். பாதியிலேயே நிமிர்ந்தாள்.

“அந்த ‘எச்’ அடிச்சு ‘எல்’ போட்ட ஷீட்டா சார்?”

எட்டு மாதம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு பிரசவம். எத்தனை ஆயிரம் ஷீட்டுகள் அவள் விரலைக் கடந்து போயிருக்கும்! இருந்தும் கேட்டாள்.

“அதேதான். நீங்க அன்னிக்கு ஒரே ஆள்னு சொன்னீங்க. நான் காது குடுக்கல. எதை வெச்சுச் சொன்னீங்கன்னு இப்பவாவது கேட்டுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் வெட்கப்பட்டாள். “சின்ன விஷயம் சார், சொன்னா சிரிப்பீங்க. மத்தவங்க வரியைத் தட்டும்போது ‘கே’ அடிக்கடி வரும். அந்த விரல் அதுக்குத் தயாரா இருக்கும். பெல்மர் வரி வந்தா அந்த விரலுக்கு வேலையே இல்ல. ஸ்ட்ரைக் அவுட் ஆகவே மாட்டார். மூணு நாலு ஆட்டத்துக்கு ஒண்ணு வந்தா அதிகம். நடுவுல கொஞ்ச நாள் காணோம். அப்புறம் ‘எல்’னு வர ஆரம்பிச்சது. எனக்குப் பேரைப் பாக்கற வழக்கம் இல்ல சார். ஆனா விரலுக்குத் தெரிஞ்சது. மறுபடியும் ‘கே’ வரல. அட, அவர் வந்துட்டார்னு நெனச்சேன்.”

நான் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டியில் இருந்தவன். நான் பார்த்தது மாறிப்போன எண்களை. மாறாமல் இருந்த எண்ணை நான் தேடவே இல்லை. அவளுடைய சுண்டு விரலோ நடு விரலோ அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

“இதைக் கணக்குல காட்டணும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள. டேட்டாவை வெளியில கொண்டுவர முடியாது, உங்களுக்கே தெரியும். உங்களால வர முடியுமா?”

அவள் மாமியாரைப் பார்த்தாள். குழந்தை பால் குடிக்கிற குழந்தை.

“என்ன பாக்கறே?” என்றார் அந்த அம்மாள். “கொழந்தையத் தூக்கிண்டு நானும் வரேன். அங்க ஒரு ஓரமா ஒக்கார எடம் இருக்குமோ இல்லையோ?”

5. ஒன்பது ஆட்டம்

மறுநாளிலிருந்து எங்கள் கான்ஃபரன்ஸ் ரூமில் ஒரு ஃபிளாஸ்க், ஒரு கிலுகிலுப்பை, மடித்துப் போட்ட பழைய புடவை. பிரபாகரன் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே ஏசியைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார்.

முதல் வேலை, இரண்டு பெல்மரும் ஒரே ஆட்டத்தில் ஒரு தடவையாவது ஆடியிருக்கிறார்களா என்று பார்ப்பது. ஆடவில்லை. எல் வந்த பிறகு எச் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் இது போதாது. அண்ணன் விலகித் தம்பி வந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது, அந்த ‘கே’. நூறு தடவை மட்டையோடு வந்தால் எத்தனை ஸ்ட்ரைக் அவுட் என்று இருவருக்கும் போட்டோம். அதே கணக்கை அந்தந்த வருஷத்து லீக் முழுவதற்கும் போட்டோம். வருஷத்தோடு வருஷம்தான் ஒப்பிட வேண்டும். மொத்தமாகக் கூட்டி ஒப்பிட்டால் பிட்சர்கள் பலமாக இருந்த வருஷமும் பலவீனமாக இருந்த வருஷமும் கலந்துபோகும். லீக்கில் மற்றவர்கள் நான்கைந்து முறை தவறவிடுகிற இடத்தில் எச் ஒரு முறை தவறவிடுகிறார். எல்லும் அதே அளவுதான். வாக் எடுத்தாலும் அப்படியே. லீக் சராசரிக்கு இருவரும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“சார், லீக் முழுக்கத் தேடிப் பாக்கலாமா?” என்று ரங்கநாயகி கேட்டாள். “இவ்ளோ கம்மி ‘கே’யும் இவ்ளோ அதிக வாக்கும் சேர்ந்து இருக்கிறவங்க வேற யாராவது இருக்காங்களான்னு?”

தேடினோம். அந்த லீக்கில் ஆடிய பல நூறு பேரில் இரண்டே பெயர் வந்தது. எச். பெல்மர். எல். பெல்மர்.

பிரபாகரன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பிக்கும் அதே கண்ணு இருக்கலாம்லங்க?” என்றார். கிளையன்டும் அதையே கேட்பான் என்பதால் கேட்டார். சரியான கேள்வி.

அதற்குப் பதில் மூன்றாவது வேலையில் கிடைத்தது. எல். பெல்மர் வந்த முதல் சில வாரத்தை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் போட்டோம். முதல் ஒன்பது ஆட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு ஹிட். அந்த நேரத்து பேட்டிங் ஆவரேஜைப் பார்த்தால் அவர் அந்த லீக்கிலேயே மோசமான ஆட்டக்காரர். அடித்த பந்தெல்லாம் பிட்சர் கைக்கே உருண்டு போயிருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது ஆட்டத்திலும் வாக் எடுத்திருக்கிறார். ஸ்ட்ரைக் அவுட் ஒன்றே ஒன்று.

ரங்கநாயகி மெதுவாகச் சொன்னாள். “அடிக்க முடியல சார். ஆனா ஏமாறல.”

எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். பழைய யூனிட்டில் செல்வம் என்று ஒரு பிரஸ் ஆபரேட்டர் இருந்தார். இரண்டு விரல் போனது. காயம் ஆறி வந்தவர் ஒரு ஸ்பேனரை எடுத்துப் பிடித்துப் பார்த்து, பிடி நிற்காமல் அது தரையில் விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவரை கேட் பாஸ் எழுதுகிற மேஜையில் உட்கார வைத்தோம். இங்கே ஒருவர் அதே மாதிரிக் கையோடு, ஊரே பார்க்க, வேகமாக வருகிற பந்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். மட்டையைப் பிடிக்க விரல் இல்லை. எந்தப் பந்தை விட வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. ஒன்பது ஆட்டமும் அதை வைத்தே ஓட்டியிருக்கிறார். புதிதாக வந்த ஒரு தம்பி, அடிக்கவே தெரியாதவன், இப்படிக் கண் தெளிவோடு ஆட முடியாது. அப்படி ஒருவனை ஒன்பது ஆட்டம் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

பத்தாவது ஆட்டத்தில் இரண்டு ஹிட். பிறகு மெல்ல மெல்ல ஏறுகிறது. எல்லாம் ஆட்களுக்கு நடுவில் தட்டி விட்ட சின்ன அடி. பலம் போன இடத்தில் புதிதாக ஒன்றை அவர் கற்றுக்கொண்டதை வாரம் வாரமாக நாங்கள் திரையில் பார்த்தோம்.

மாமியார் குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டே கேட்டார். “யாரைப் பத்திடீ பேசிண்டிருக்கேள்?”

“விரல் போன ஒருத்தர்மா. முன்னாடி பெரிய ஆட்டக்காரர். திரும்பி வந்தப்போ அடிக்க முடியல. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் போய் நின்னிருக்கார்.”

“அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சுமா?”

“ஆமாம்மா.”

அந்த அம்மாள் குழந்தையை மருமகளிடம் கொடுத்தார். எழுந்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, புரியாத அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

6. நூறு என்ற கோடு

வெள்ளிக்கிழமை காலை ரிப்போர்ட் தயார். பிரபாகரன் அவசரப்பட்டார்.

“மெர்ஜ் பண்ணி அனுப்பிடுங்க சார். ஆதாரம் போதும்.”

“லீக் சராசரி கட்டம் நிரப்பணும்ங்க. அது இல்லாம பட்டியல்ல ஏறாது.”

அந்தக் கட்டம் என்ன என்று சொல்கிறேன். லீக் சராசரியை நூறு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சரியாகச் சராசரி ஆட்டக்காரர் என்றால் அவருக்கு நூறு. அதற்கு மேலே போனால் நல்லவர், கீழே போனால் சுமார். எளிமையான விஷயம். ஆனால் செய்கிற விதம் உண்டு. ஒவ்வொரு வருஷத்தையும் அந்த வருஷத்து லீக்கோடு ஒப்பிட வேண்டும். அதிகம் ஆடிய வருஷத்துக்கு அதிக எடை. சொந்த மைதானம் சின்னதாக இருந்து எண்ணிக்கை ஊதியிருக்கிறதா என்று வெளியூர் ஆட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும். ரங்கநாயகி இன்னொன்றும் சொன்னாள்.

“லீக் சராசரிக்குள்ள அவரும் இருக்காரே சார். எட்டே டீம். அவரையே அவரோட ஒப்பிடற மாதிரி ஆகுது. அவரை எடுத்துட்டுப் போடலாமா?”

போட்டோம். அவரை எடுத்ததும் சராசரி துளி இறங்கியது. ஒரே ஒரு ஆள் போனதற்கே கண்ணுக்குத் தெரிய இறங்குகிற லீக் சராசரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விபத்துக்கு முந்தைய வருஷங்களின் பேட்டிங் ஆவரேஜ் உயரமாக இருந்தது. பிந்தைய வருஷங்களில் கொஞ்சம் குறைந்திருந்தது. விரல் போனவருக்கு அது இயல்புதானே என்று நினைத்துக்கொண்டே லீக் எண்களைப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

முதல் பாதிக்கு நூறுக்கு மேலே ஏறக்குறைய இருபது வந்தது. நல்ல ஆட்டக்காரர்.

இரண்டாவது பாதிக்கு முப்பதைத் தாண்டியது.

ஃபார்முலா தப்பு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே எண். ரங்கநாயகி கால்குலேட்டரில் கையால் போட்டாள். அதே எண். வெளியூர் ஆட்டங்களை மட்டும் எடுத்துப் போட்டோம். இன்னும் கொஞ்சம் கூடியது.

நடந்தது இதுதான். அவர் திரும்பி வந்த வருஷங்களில் லீக் முழுவதிலுமே அடி குறைந்துபோயிருக்கிறது. பந்து மாறியதோ, நல்ல பிட்சர்கள் வந்தார்களோ, ஷீட்டில் அதற்குப் பதில் இல்லை. எட்டு டீமிலும் எல்லோருடைய ஆவரேஜும் சரிந்திருக்கிறது. முழு விரலும் உள்ளவர்கள் சரிந்த அளவுக்கு, எட்டு விரல்காரர் சரியவில்லை. தனியாகப் பார்த்தால் அவர் இறங்கினார். ஊரோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அவர் ஏறினார். அந்த ஒன்பது ஆட்டத்தையும் உள்ளே சேர்த்த பிறகும்.

பிரபாகரன் குனிந்து திரையைப் பார்த்தார்.

“இந்தாளு இதைப் பாத்திருப்பாரா சார்?”

“எப்படிங்க பாப்பார்? இந்தக் கணக்கை இதுவரைக்கும் யாரும் போடவே இல்லையே.”

திருத்தப் படிவத்தில் ‘பிழைக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். தட்டச்சுப் பிழை, ஸ்கேன் தெளிவின்மை, மறுபார்வையாளர் பிழை என்று மூன்று தேர்வு. எச்-ஐ அடித்து எல் போட்டிருந்த ஷீட்டைக் காட்டி, ஸ்கேன் தெளிவின்மை என்று போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் ரங்கநாயகியின் பெயரை எழுதினேன். மாலையில் ரிப்போர்ட் போனது. சனிக்கிழமை பதில் வந்தது. ஏற்றுக்கொண்டோம், ஒரே வரியாக ஏற்றிவிட்டோம்.

7. மகளுக்குச் சொன்னது

பத்து நாள் கழித்துக் கிளையன்ட் பக்கத்திலிருந்து கேட்டார்கள். பெல்மரின் மகள் இதைச் செய்தவர்களோடு பேச விரும்புகிறார், முடியுமா?

ஒரு மாலை ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்தார். அங்கே காலை. மெலிந்த உடம்பு, உரத்த குரல். எங்கள் இருவர் பெயரையும் காகிதத்தில் எழுதிவைத்துப் படித்தார். ரங்கநாயகி என்ற பெயரை இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார். நன்றி சொன்னார். முதலில் பிரித்தது நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை வீசி அதைத் தள்ளிவிட்டார்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

“அப்பா கடைசிவரைக்கும் ஒண்ணு சொல்லுவார். விரல் போனதுக்கு அப்புறம் நான் சுமாரான ஆட்டக்காரன்தான், பாவம்னு என்னை வெச்சுக்கிட்டாங்க, நல்ல மனுஷங்கன்னு. அந்த டீம் ஆளுங்க மேல அவருக்கு அவ்வளவு நன்றி.”

நானும் ரங்கநாயகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒற்றை வரியில் ஏறிய பட்டியலை மட்டும்தான் அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பாதியையும் தனித்தனியே லீக்கோடு ஒப்பிட்ட தாளை அனுப்பவில்லை.

நீங்களே சொல்லுங்க என்று ரங்கநாயகிக்குச் சைகை காட்டினேன். அவள் அந்தத் தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, தன் நிதானமான ஆங்கிலத்தில், ஒவ்வொரு வருஷமாக விரல் வைத்துச் சொன்னாள். இது லீக். இது உங்கள் அப்பா. இது விபத்து. இந்த ஒன்பது ஆட்டம் அவர் கஷ்டப்பட்டார். இங்கிருந்து பாருங்கள். லீக் கீழே போகிறது. அவர் போகவில்லை. அந்த வருஷங்களில் அந்த லீக்கில் அவரைவிட நன்றாக அடித்தவர்கள் நான்கைந்து பேர்தான். முன்பு இருந்ததைவிட அவர் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிட்டார்.

அந்த அம்மா கேமராவுக்கு அருகில் வந்து அந்தத் தாளைப் பார்த்தார்.

“அப்போ அவங்க இரக்கப்பட்டு வெச்சுக்கல.”

“இல்லம்மா,” என்றேன். “அவர் இல்லாம அவங்களால ஆடியிருக்க முடியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளைப் பெரிய எழுத்தில் அனுப்பச் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருக்கிறாராம். கண் பார்வை மங்கிவிட்டதாம். நானே போய்ப் படித்துக் காட்டுகிறேன் என்றார்.

இதை எழுதச் சொன்னது பிரபாகரன். புதிதாகச் சேர்கிற உங்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றார். பாடம் என்று நான் சொல்வதற்கு இரண்டு இருக்கிறது. கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தால், அதை நீக்குவதற்கு முன், அதைத் தட்டியவரிடம் போய் உட்கார்ந்து, “என்னம்மா பாத்தீங்க?” என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். இன்னொன்று, ஒருவருடைய எண்ணை மட்டும் வைத்து அவர் ஏறினாரா இறங்கினாரா என்று எழுதாதீர்கள். அதே வருஷம், அதே மைதானம், அதே பந்து, அவரோடு கூட நின்ற மற்ற எல்லோரையும் பக்கத்தில் வைத்த பிறகு எழுதுங்கள். பெல்மர் தன்னைப் பற்றித் தானே தப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டு ஒரு வாழ்நாள் முழுக்க இருந்தார். அவர் பக்கத்தில் அந்த இன்னொரு எண்ணை வைத்துக் காட்ட ஆள் இல்லை. நம் வேலை அதுதான்.